வண்டலூரில் ஒரு காலைப் பொழுது

விடுமுறை நாளில் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போகலாம் என்ற யோசனையா? கடற்கரை–செங்கல்பட்டு மின்சார ரயிலில் ஏறி வண்டலூரில் இறங்குங்கள். ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்தால் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா. கிளாம்பாக்கம் பேருந்து முனையமும் பக்கத்திலேயே இருப்பதால் வெளியூர்க்காரர்களுக்கும் அலைச்சல் இல்லை.

1855-இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில், எட்வர்ட் பால்ஃபர் முயற்சியால் சிறிய அளவில் தொடங்கிய விலங்குக் காட்சிதான் இது. பிறகு மூர் மார்க்கெட் பக்கம் போனது; இடம் போதாமல் 1985-இல் வண்டலூருக்கு வந்தது. இப்போது ஏறத்தாழ 600 ஹெக்டேர்! கம்பிக் கூண்டுக்குப் பதிலாக அகழி சூழ்ந்த திறந்தவெளியில் புலியைப் பார்க்கும் குழந்தையின் கண்களை நீங்களும் ஒருமுறை கவனியுங்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத சிங்கவால் குரங்கை இங்கே அவசியம் பாருங்கள். குளிர்காலமென்றால் பூங்காவுக்குள் இருக்கும் ஓட்டேரி ஏரிக்கு வலசைப் பறவைகள் வரும். என்னைக் கேட்டால், கூட்டம் மொய்க்கும் யானையைவிட இந்த ஏரிக்கரைதான் அழகு.

நடக்க முடியாத தாத்தா பாட்டிக்கு பேட்டரி வண்டி உண்டு. நெகிழிப் பைகளை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். வெயில் ஏறினால் விலங்குகள் நிழலில் ஒதுங்கிவிடும், அதனால் காலையிலேயே போய்விடுங்கள். செவ்வாய்க்கிழமை வார விடுமுறை.