மலிவுக் கணினியின் மறைவான விலை

வீட்டிலே கணினி இருப்பது இன்று வியப்பன்று. ஆயின் 1981ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில், நிரல் எழுதிப் பழகும் ஆசையினால் தனக்கோ தன் மகனுக்கோ ஒன்று வாங்க எண்ணிய சாதாரணக் குடும்பஸ்தனுக்கு ஏற்பட்ட சங்கடம் சிறிதன்று.

அவ்வாண்டின் இறுதியில் வந்த பி.பி.சி. மைக்ரோ அருமையான பொறிதான். விலையோ 235 பவுணில் தொடங்கி, விரைவிலேயே 299 ஆயிற்று. கைக்கு எட்டியது சின்கிளேயர் நிறுவனத்தின் இசட்.எக்ஸ். 81. விலை 69.95 பவுண், உறுப்புக்களை வாங்கித் தாமே பற்றவைத்துப் பொருத்துவோர்க்கு 49.95. வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியே திரை. பாட்டுக் கேட்கும் ஒலிநாடாக் கருவியே நிரல்களைச் சேமிக்கும் பெட்டகம்.

இனித்தான் சோதனை. அதன் நினைவகம் 1,024 பைற். அதாவது அத்தனை எழுத்துக்களுக்கே இடம். திரையை நிரப்பவே 768 வேண்டும்! பதினாறு மடங்கு நினைவகம் தரும் துணைப்பெட்டிக்கு மேலும் 49.95 பவுண். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான். அப்பெட்டி சற்றே அசைந்தாலும், மணிக்கணக்காகத் தட்டிய நிரல் முழுவதும் மறைந்தொழியும். ஆக மொத்தம் 119.90 பவுண். 1982 ஏப்பிரலில் அதே நிறுவனத்தார் வெளியிட்ட ஸ்பெக்ட்ரமோ, 16 கிலோபைற் நினைவகத்தோடு, வண்ணமும் ஒலியும் உடையதாய் 125 பவுண்!

அப்படியாயின் பொறுத்திருந்து வாங்குவதே நலமன்றோ என நேயர்கள் வினவலாம். விளையாட்டை நாடியவனுக்கு அது சரியே. நிரலாக்கம் பயில விரும்பியவனைப் பொறுத்தவரை என் அபிப்பிராயம் வேறு. துணைப்பெட்டியை நாடாது 69.95 பவுணோடு நின்றவனே இலாபமடைந்தான் என்பேன். பொறியோடு வந்த கைந்நூலை எழுதிய ஸ்டீவன் விக்கர்ஸ், அதனுட் பதித்த பேசிக் மொழியை ஆக்கியவர்களுள் ஒருவர். ஆக்கியவரே ஆசிரியராகவும் வாய்ப்பது அரிது; பாடநூல்களோடு மல்லாடும் எம்போன்றோர்க்குப் பொறாமை தருவது.

இடநெருக்கடியும் ஓர் ஆசானாயிற்று. நிரலில் 1 என்னும் எண்ணை எழுத 7 பைற் செலவாகும். வட்டக் கணிதத்துப் 'பை' நேரெண் ஆதலால் அதன் குறியைக் கேட்டால் 1 என்ற விடை வரும். அவ்வாறு எழுத 2 பைற் போதும். இவ்வகைச் சிக்கனத்தில் ஊறியவர்கள் அந்நாளைய நிரலாளர்கள். டேவிட் ஹோர்ன் என்பவர், துணைப்பெட்டியில்லாத இப்பொறியை எதிராளியாக்கிச் சதுரங்கம் ஆடவைத்தார். 1983இல் சஞ்சிகையொன்றில் வெளியான அந்நிரலின் அளவு 672 பைற்.