குடை விரிக்காத காளான்

"குடை விரிக்காத காளானும் உண்டா?" என்று ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருக்கிறார். உண்டு. பொடாக்சிஸ் அப்படிப்பட்டது. மழை பெய்து ஓய்ந்ததும் பாலைவனத்திலும் வறண்ட புல்வெளியிலும், சில நாடுகளில் கறையான் புற்றின் தலையிலேயே, காம்பு விட்டு அரையடி உயரம் வரை நிமிர்ந்து நிற்கும். நீள்முட்டை வடிவத் தலை கடைசிவரை மூடியே இருக்கும். உள்ளே வித்துகள் கரும்பொடியாக முற்றும். மேல்தோல் காய்ந்து கிழிந்த பிறகுதான் காற்று அதை வாரிக்கொண்டு போகும்.

1771-இல் இதற்குப் பெயர் வைத்த இயற்கையியலாளர் லின்னேயஸ், அழுத்தினால் புகைபோலப் பொடி கக்கும் உருண்டைக் காளான்களின் பேரினத்தில் இதைச் சேர்த்துவிட்டார். வெளித்தோற்றம் அப்படி. நெடுக்காக வெட்டிப் பார்த்தால்தான் சங்கதி தெரியும். என் தாத்தாவின் பழைய குடையில் தண்டு உச்சிவரை ஓடுவதுபோல, இதன் காம்பும் தலைக்குள் புகுந்து உச்சியைத் தொடுகிறது. உருண்டைக் காளானில் அப்படி எதுவும் இல்லை. சுற்றிலும் கசங்கிக் கிடப்பவை, குடைக்காளானின் அடியில் நாம் பார்க்கும் அதே மடல்களின் எச்சம். மரபணு ஆய்வும் அதையே உறுதி செய்தது: இதன் நெருங்கிய உறவு கொப்ரினஸ் என்னும் மைக்காளான். அது ஈரப் புல்தரையில் முளைத்து, விளிம்பிலிருந்து கருமையாக உருகிச் சொட்டி வித்துகளை விடுவிப்பது. இதுவோ உருகாமல் உலர்வது. ஒரே குடும்பத்தில் இப்படி இரு வழிகள்! சுடும் காற்றில் விரிந்த மடல்கள் வாடிவிடும் என்பதால், மூடியிருப்பதே வறண்ட நிலத்துக்கு ஏற்ற ஏற்பாடு. இதில் நான் சொக்கிப்போனேன்.

ஆஸ்திரேலியப் பழங்குடி முதியவர்கள் நரைத்த தாடியைக் கறுப்பாக்க இதன் கரும்பொடியைப் பூசினார்கள். ராஜஸ்தானில், உள்ளே வெண்மையாக இருக்கும் இளம் காளானைச் சமைத்து உண்கிறார்கள். இவ்வளவு பழக்கம் இருந்தும், உலகெங்கும் கிடைத்தவற்றை எல்லாம் நெடுங்காலம் பெரும்பாலும் ஒரே இனப்பெயரில் அடைத்து வைத்தோம். அந்தப் பெயருக்குள் பல இனங்கள் இருப்பதை மரபணு ஆய்வு காட்டியிருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் கறையான் புற்றோடு வாழ்பவையும், புற்றே இல்லாமல் மணலில் வாழ்பவையும் வேறு வேறு. நாமோ இவற்றைப் பார்த்ததும் காலால் தட்டிவிடுகிறோம், புற்றை மண்வெட்டியால் சமன் செய்கிறோம். அங்கே எது வாழ்ந்தது என்று பதிந்து வைக்க ஆளில்லை. இது எனக்குப் பெரிய வருத்தம்.

இப்படியொன்று கண்ணில் பட்டால் படம் எடுங்கள். அது நின்ற இடம் புற்றா மணலா என்று குறித்துக்கொண்டு, அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் துறைக்கு அனுப்புங்கள். அடையாளம் தெரிந்தவர் சொல்லாமல் எந்தக் காட்டுக் காளானையும் வாயில் வைக்காதீர்கள்.