டைனமோ பாடும் பாட்டு

"புது ஆம்ப் வெச்சதுல இருந்து வண்டியும் கூடப் பாடுதுண்ணா" என்றார் டாக்ஸித் தம்பி. காவேரிப்பாக்கத்தில், பெங்களூர் ரோட்டோரக் கடையில் இரண்டு டீ சொல்லிவிட்டு, ஆக்சிலேட்டரை மெல்ல மிதிக்கச் சொன்னேன். 'ஙொய்ய்' என்றது 'கீய்ய்' என்று ஏறியது. காலை எடுத்ததும் இறங்கியது. பாதி விடை அதிலேயே வந்துவிட்டது.

வீட்டு ஆம்ப் முனகினால் பெரும்பாலும் அது லைன் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் வேலை. ஒரே சுருதியில் நிற்கும். காரில் லைன் கரண்டு ஏது? இங்கே பாடுவது டைனமோ, அதாவது ஆல்டர்னேட்டர். 12 துருவம் உள்ள ஒன்று ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றுவதாக வையுங்கள். அதன் மின்சாரம் டையோடுகளைத் தாண்டி வந்த பிறகும் நொடிக்கு 1,200 சிற்றலை மிச்சமிருக்கும். வேகம் கூடினால் அதுவும் கூடும். எல்லா வண்டியிலும் உள்ளதுதான். ஸ்பீக்கருக்குள் எப்படிப் புகுந்தது என்பதே கேள்வி.

ஸ்டீரியோவுக்கு எர்த் டேஷ்போர்டுக்குப் பின்னால், ஆம்புக்கு டிக்கியில். இரண்டும் பாடித் தகடு வழியாக பேட்டரி மைனஸுக்குத் திரும்ப வேண்டும். டிக்கி எர்த் சரியாகப் பிடிக்காவிட்டால்? நம் ஏரியில் ஒரு மதகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் கிடைத்த வழியில் போகுமே, அதேபோல கரண்டில் ஒரு பங்கு, ஸ்டீரியோவையும் ஆம்பையும் இணைக்கும் ஆர்.சி.ஏ. ஒயரின் வலை வழியாகத் திரும்பும். பாட்டு சிக்னலுக்கும் அந்த வலைதான் திரும்பும் பாதை. கலக்காமல் என்ன செய்யும்?

செட்டை அணைத்து, ஆம்பிலிருந்து ஆர்.சி.ஏ.வைக் கழற்றி, மறுபடி செட்டைப் போட்டோம். சத்தம் இல்லை. அப்போதும் கத்தியிருந்தால் ஆம்பையோ அதன் பவர் ஒயரையோ சந்தேகப்பட்டிருப்பேன். அடுத்து எர்த் போல்ட்டைக் கழற்றினோம். கம்பெனி பெயிண்ட் மினுமினுவென்று அப்படியே இருந்தது. அதன் மேலேயே வாஷரைப் போட்டு முடுக்கியிருக்கிறார்கள்! உப்புத்தாளால் வெள்ளைத் தகடு தெரியத் தேய்த்து, அரை மீட்டருக்குக் குறைவான தடித்த ஒயரை லக் போட்டு இறுக்கினோம். கீய்ய் போய்விட்டது. லேசாக ஒரு உய்ங் மட்டும் மிச்சம். பவர் ஒயரும் ஆர்.சி.ஏ.வும் ஒரே பக்கமாக ஒட்டிப் படுத்திருந்தன. ஆர்.சி.ஏ.வை மறுபக்கம் மாற்றியதும் அதுவும் ஓய்ந்தது.

இரைச்சலை நிறுத்த ஒரு டப்பா விற்கிறார்கள். உள்ளே இருப்பது சின்ன டிரான்ஸ்ஃபார்மர். மலிவானது இரைச்சலோடு பேஸையும் சேர்த்து விழுங்கும். நான் அதைக் கடைசியில்தான் தொடுவேன். செல்போன் சார்ஜரில் இருக்கும்போது மட்டும் முனகுகிறதா? முதலில் சார்ஜரை மாற்றிப் பாருங்கள்.

ஒயரில் கை வைக்கும் முன் பேட்டரி மைனஸைக் கழற்றிவிடுங்கள். செட் ஓடும்போது ஆர்.சி.ஏ.வைப் பிடுங்காதீர்கள். ஸ்டீரியோவுக்குள் இருக்கும் மெல்லிய எர்த் பாதை தீய்ந்துபோனால் இல்லாத இரைச்சலும் வந்து சேரும்.