கரும்புற்றும் நச்சுயிரும்

புற்றுநோயை வைரஸ் என்னும் நச்சுயிர் விளைவிக்குமா? கோழிகளிடத்து விளைவிக்கும் என்பதை 1911-இல் பெய்டன் ரவுஸ் காட்டினார். அதற்குரிய நோபல் பரிசு 1966-இல்தான் அவருக்குக் கிட்டியது.

மனிதரிடத்து இதற்குத் தக்க சான்று ஈரல் புற்று. ஹெப்படைட்டிஸ் பி நச்சுயிர் ஈரலில் ஆண்டுக்கணக்கில் தங்கி ஊறு செய்வதால் அது தோன்றுவதுண்டு. இந்நச்சுயிர் பிறப்பின்போது தாயிடமிருந்து சேய்க்கும் தொற்றும். ஆகவே சிங்கப்பூரில் 1985-இல் நச்சுயிருடைய தாய்மாரின் குழந்தைகளுக்கும், 1987 முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் தடுப்பூசித் திட்டம் வந்தது. தஞ்சோங் பகாரை அடுத்த அவுட்ரமிலுள்ள சிங்கப்பூர் பொது மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைக்கு இடப்படும் அவ்வூசி, புற்றுநோய்த் தடுப்பூசியுமாகும்.

மெலனோமா எனும் கரும்புற்றின் நிலை வேறு. தோலுக்கு நிறந்தரும் உயிரணுக்களில் எழும் இந்நோய்க்கு நச்சுயிர் காரணமென்பது மெய்ப்பிக்கப்படவில்லை. மெர்க்கெல் எனும் வேறொரு தோற்புற்றில் 2008-இல் நச்சுயிர் கண்டறியப்பட்டது உண்மையே. அச்சான்றைக் கரும்புற்றுக்கு ஏற்றிக் கூறலாகாது. மாறாக, மாற்றியமைத்த ஹெர்ப்பிஸ் நச்சுயிர் ஒன்று கரும்புற்றுக்கு மருந்தாகவே 2015-இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது.

நச்சுயிரைத் தடுத்து ஈரலைக் காப்பதுபோல் கரும்புற்றைத் தடுக்க இயலாது. இங்கே கண்ணே காவல். கருமேனியருக்கு இது வாராது என்பது தவறு. அவர்களுக்கு வரும்போது பெரும்பாலும் வெயில் குறைவாகப் படும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் வரும். நச்சுயிரால் உண்டாகும் மரு என்றோ, கால் ஆணி என்றோ எண்ணிக் கைம்மருந்து செய்தால் காலம் கழிந்துவிடும். வளரும் கறுப்புப் புள்ளியை உடனே மருத்துவரிடம் காட்டுவதே அறிவுடைமை.