பகலில் விழாதவர் இரவில் விழுவதேன்?

காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் ஒரு தறிக்காரர் வீட்டில் என் பெரியம்மா இருந்தார். வயது எழுபத்திரண்டு. தாழ்வாரத்திலிருந்து கிணற்றடிக்கு நாள்தோறும் பத்து முறையாவது நடப்பவர். ஓர் இரவு, மின்சாரம் நின்றிருந்த நேரத்தில், அதே வழியில் சென்றவர் விழுந்துவிட்டார். தொடை எலும்பின் மேற்பகுதி முறிந்தது. அதன் பிறகு அவர் துணையின்றி நடக்கவே இல்லை. வழியும் அதே வழி. கால்களும் அதே கால்கள். பகலில் விழாதவர் இரவில் ஏன் விழுந்தார்?

ஈர்ப்பு மையத்திலிருந்து வரையும் செங்குத்துக்கோடு அடிப்பரப்புக்குள் விழும்வரை ஒரு பொருள் சாயாது என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். 160 செ.மீ. உயரமுள்ள ஒருவர் நிமிர்ந்து நிற்கும்போது அவருடைய ஈர்ப்பு மையம் தரையிலிருந்து சுமார் 90 செ.மீ. உயரத்தில், தொப்புளுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. அதற்குரிய அடிப்பரப்போ இரு பாதங்களும் அவற்றின் இடைவெளியும் மட்டுமே. வரதராசப் பெருமாள் கோயிலின் 24 படிகளில் ஏறும் முதியவரைக் கவனியுங்கள். ஒரு கால் மேலே போகும்போது, மறுகாலின் பாதம் ஒன்றே அடிப்பரப்பாகிறது. அதனால்தான் அவருடைய கை தானாகவே பிடிமானத்தைத் தேடுகிறது.

இனி ஒரு சோதனை. ஒரு நீண்ட கம்பை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்துங்கள். அதன் நுனியைப் பார்த்தபடி கையை அங்குமிங்கும் நகர்த்தினால் அது நிற்கும். கண்ணை மூடியவுடன் விழுந்துவிடும். நம் உடலும் இத்தகைய கம்பே. கணுக்காலிலிருந்து உடல் ஒரு பாகை சாய்ந்து, தசைகள் ஒன்றும் செய்யாவிட்டால், ஒரே விநாடியில் அச்சாய்வு ஏறத்தாழ பத்துப் பாகையாகிவிடும். செங்குத்துக்கோடு அடிப்பரப்பின் விளிம்பை எட்டிவிடும். நாம் விழாதிருப்பதற்குக் காரணம், தசைகள் ஓயாமல் செய்யும் திருத்தமே. அசையாமல் நிற்பதாக நாம் நினைக்கும்போதும் உடல் சிறிது ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.

எப்போது, எந்தப் பக்கம் திருத்துவது? இதை மூளைக்குச் சொல்பவை மூன்று. முதலாவது, கண். இரண்டாவது, உட்செவி, அதிலுள்ள மூன்று அரைவட்டக் குழல்கள் தலையின் சுழற்சியை உணர்கின்றன. மூன்றாவது, பாதத்தின் தோலிலும் தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வு நரம்புகள். ஒன்று குறைந்தால் மற்றவை ஈடுசெய்யும். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய மருத்துவர் மோரிட்ஸ் ரோம்பெர்க், கால்களில் உணர்வு குன்றிய நோயாளிகள் கண்ணை மூடி நின்றால் தள்ளாடுவதைக் கண்டு எழுதினார். அவர்கள் கண்ணை நம்பியே நின்றிருந்தார்கள்.

இப்போது விடை புலப்படுகிறதல்லவா? முதுமையில் பாத உணர்வு மழுங்குகிறது, உட்செவியின் நுட்பம் குறைகிறது, தசை வலுவிழக்கிறது, திருத்தம் தாமதமாகிறது. பகலில் பெரியம்மாவுக்குக் கண் ஈடுசெய்தது. இருட்டு அதையும் பறித்துக்கொண்டது. போதாக்குறைக்குக் கிணற்றடியின் ஈரம் உராய்வைக் குறைத்திருந்தது.

இது ஒரு வீட்டுக் கதையன்று. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட குறிப்பின்படி, உலகில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கின்றனர். அவர்களில் அறுபது வயதைக் கடந்தோரே மிகுதி.

முதுமையை நிறுத்த இயலாது. விழுவதைப் பெருமளவு தடுக்கலாம். படுக்கையிலிருந்து குளியலறை வரை இரவில் சிறு விளக்கு எரியட்டும். மின்தடைக்காகத் தலைமாட்டில் ஒரு கைவிளக்கு இருக்கட்டும். ஈரத்தை உடனே துடையுங்கள். சுருண்ட பாயையும் வழியில் கிடக்கும் மின்கம்பியையும் அகற்றுங்கள். குளியலறையில் ஒரு பிடிகம்பி பொருத்தச் சொல்லுங்கள். கைத்தடி அடிப்பரப்பை அகலப்படுத்தும் மூன்றாவது கால். அதில் வெட்கம் எதற்கு? எழுந்தவுடன் தலைசுற்றல் இருந்தால், உண்ணும் மருந்துகளைப் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

இவற்றோடு பயிற்சியும் தேவை. குழித்தறியில் நாள் முழுதும் மிதித்தாலும் உடலின் எடையை இருக்கையே தாங்குகிறது. நிற்கும் பயிற்சி கிடைப்பதில்லை. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதும், கனமான மேசையைப் பிடித்தபடி ஒற்றைக்காலில் சில விநாடிகள் நிற்பதும் தசைக்கும் திருத்தத்திற்கும் நல்ல பயிற்சிகள். உடற்பயிற்சி பற்றிய 108 ஆய்வுகளை 2019இல் தொகுத்துப் பார்த்தபோது, முதியோர் விழும் எண்ணிக்கை சுமார் 23 விழுக்காடு குறைவது தெரிந்தது. நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

மாணவர்களே, சுவரருகே ஒற்றைக்காலில் நின்று கண்ணை மூடிப் பாருங்கள். சில விநாடிகளிலேயே தள்ளாடுவீர்கள். இச்சோதனையைத் தாத்தா பாட்டியிடம் ஒருபோதும் செய்யாதீர்கள். மாறாக, இன்றிரவு அவர்கள் நடக்கும் வழியில் நீங்களே ஒருமுறை மெல்ல நடந்து பாருங்கள். எந்த இடத்தில் உங்கள் கை சுவரைத் தேடுகிறதோ, அங்கேதான் ஒரு விளக்கு வேண்டும்.