தெருவே விளையாட்டுத் திடல்

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் நாள்தோறும் பல்லாயிரம் பேர் நடக்கின்றனர். கே.எல். சென்ட்ரலுக்கு விரைபவர்களும் வாழையிலைச் சாப்பாட்டுக்கு வருபவர்களும் அச்சாலையின் பெயர்ப்பலகையைக் கடந்துதான் செல்கின்றனர். ஆனால், அதன் அருகே நின்று, அப்பெயருக்கு உரியவர் யார் என்று கேட்பவர் மிகச் சிலரே. அவர்களை அங்கே சற்று நிற்க வைக்கும் வேலையைத் திறன்பேசி விளையாட்டு ஒன்று செய்ய முடியும். அதற்கு இட அடிப்படையிலான விளையாட்டு என்று பெயர்.

இவ்விளையாட்டை வீட்டில் அமர்ந்து ஆட இயலாது. வானில் சுற்றும் துணைக்கோள்களின் சமிக்ஞைகளைக் கொண்டு திறன்பேசி தான் இருக்கும் இடத்தைக் கணக்கிடுகிறது. ஏற்பாட்டாளர் வரைபடத்தில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அதைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத வட்டம் ஒன்றை வரைந்து வைக்கிறார். ஆட்டக்காரர் அவ்வட்டத்திற்குள் கால் வைத்ததும் ஒரு கேள்வியோ பழைய படமோ குரல்பதிவோ திரையில் திறக்கும்.

2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை, பொதுமக்கள் பயன்படுத்திய சமிக்ஞையின் துல்லியத்தை அமெரிக்க அரசு வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்தது. அக்கட்டுப்பாடு நீங்கியதும், மே 3ஆம் நாள் டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலக் காட்டில் ஒரு வாளியை மறைத்து வைத்து, அதன் இருப்பிட எண்களை இணையத்தில் வெளியிட்டார். வாளிக்குள் குறிப்பேடு, பென்சில் முதலியவற்றோடு ஒரு டின் பீன்ஸும் இருந்ததாம்! ஜியோகேச்சிங் என்னும் புதையல் தேடல் அவ்வாறு பிறந்தது. 2016ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மலேசியாவுக்கு வந்த போக்கிமோன் கோ இவ்வகை விளையாட்டைப் பட்டிதொட்டியெங்கும் பரப்பியது.

பொதுநல அமைப்புகள் இதன் பயனை விரைவாகவே உணர்ந்தன. ஜியோகேச்சிங் ஆடுவோர் புதையல் தேடும் பாதையிலுள்ள குப்பைகளை அகற்றும் இயக்கத்தை 2002இல் தொடங்கினர். அமெரிக்காவின் மன்சி நகர விலங்குகள் காப்பகமோ, போக்கிமோன் தேடி எப்படியும் நடப்பவர்கள் தங்கள் நாய்களையும் உடன் அழைத்துச் செல்லலாமே என்று 2016இல் அழைப்பு விடுத்தது. எளிய யோசனைதான். நடக்க ஆளில்லாத நாய்களுக்குத் துணை கிடைத்தது.

மலேசியர்களுக்குப் புதையல் வேட்டை புதிதன்று. காரில் ஏறிக் குறிப்புகளைத் தேடி ஊர் ஊராகச் செல்லும் போட்டிகளைச் சங்கங்கள் நெடுங்காலமாக நடத்தி வருகின்றன. அதே ஆர்வத்தைப் பிரிக்பீல்ட்ஸின் நடைபாதைக்குக் கொண்டு வந்தால் என்ன? 1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பின், நகரை மீண்டும் எழுப்பச் செங்கல் தந்த சூளைகளே இவ்வட்டாரத்திற்குப் பெயர் தந்தன. சாலையின் பெயருக்கு உரிய துன் வீ. தி. சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் இழந்த காலத்தில், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவாக வழிகாட்டியவர். தொழிலாளர்களின் சிறு சேமிப்பால் தோட்டங்கள் வாங்கப்பட்ட கதையைப் பெயர்ப்பலகை சொல்லாது. விளையாட்டு சொல்லலாம்.

இல்லாத இடத்தையும் விளையாட்டால் காட்ட முடியும் என்பதுதான் இதில் மிகச் சுவையான செய்தி. விவேகானந்தர் ஆசிரமம் 1904 முதல் நிற்கிறது. 2016இல் அது மரபுடைமையாகவும் அறிவிக்கப்பட்டது. ஆனால், அரசு ஊழியர்களும் இரயில்வே ஊழியர்களும் வாழ்ந்த ‘ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்’ வீடுகள் இடிக்கப்பட்டுவிட்டன. அந்த வீடுகள் இருந்த இடத்தில் நிற்பவரின் காதில், அங்கு வளர்ந்த ஒரு பாட்டியின் குரல் ஒலித்தால்? அதற்கு முதலில் யாராவது அப்பாட்டியின் வீட்டுக்குச் சென்று, அமர்ந்து, பொறுமையாகக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். செயலியை உருவாக்குவது சில நாள் வேலை. இந்தப் பதிவு வேலைக்குப் பல மாதங்கள் ஆகலாம். ஆனால், நினைவில் வைத்திருப்பவர்கள் நமக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

தொழில்நுட்பமும் சில வேளைகளில் ஏமாற்றும். கிள்ளான் ஆற்றின் மேலுள்ள கோத்தா பாலம் இரண்டு அடுக்குகள் கொண்டது. கீழடுக்கு பாதசாரிகளுக்கும் மிதிவண்டிகளுக்கும் உரியது. ஆட்டக்காரர் எந்த அடுக்கில் நிற்கிறார் என்பதைத் திறன்பேசியால் உறுதியாகக் கண்டறிவது கடினம். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே சமிக்ஞை சுவர்களில் பட்டுத் திரும்புவதால், சாலையின் மறுபக்கத்தில் நிற்பதாகக்கூட அது காட்டக்கூடும். எனவே, வட்டத்தைச் சற்றுப் பெரிதாக வரைவதே நல்லது.

இடத்தின் தன்மையை அறியாத விளையாட்டு மனத்தைப் புண்படுத்தும். வாஷிங்டனிலுள்ள யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகம், தன் வளாகத்தில் போக்கிமோன் தேட வேண்டாம் என்று வருகையாளர்களைக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. பிரிக்பீல்ட்ஸில் இன்னொரு கவனமும் தேவை. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கு இருப்பதால், பார்வையற்றோர் பலர் தொடுதரைப் பாதையைக் கோலால் தட்டியபடி நடக்கின்றனர். திரையைப் பார்த்தபடி ஒரு குழு அப்பாதையில் நின்றுவிட்டால், அவர்களின் வழி அடைபடும். வட்டத்தை அப்பாதையை விட்டு விலக்கி வரைந்து, குறிப்புகளைக் குரலிலும் கொடுத்தால், அவர்களும் ஆட்டத்தில் சேரலாம்.

ஆதலால், போட்டி நாளுக்கு முன் ஏற்பாட்டாளர் ஒருமுறை அதே வழியில், அதே நேரத்தில் நடந்து பார்க்க வேண்டும். கிள்ளான் தெங்கு கிளானா சாலையின் தீபாவளிக்கால நெரிசலில் ஐம்பது பேர் ஒரு பூக்கடை முன் கூடினால் கடைக்காரர் வரவேற்பாரா, விரட்டுவாரா என்பதை அவரிடமே கேட்டுவிடலாம். கோயில் வாசலில் ஒரு குறிப்பை வைப்பதாக இருந்தால், நடை சாத்தும் நேரத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.