கழுவிய தொட்டியில் இறந்த மீன்கள்

சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில் உள்ள அரசுப் பள்ளி ஒன்றில் நான் அறிவியல் ஆசிரியை. எங்கள் அறிவியல் அறையில் சன்னலோரமாக இரண்டடி நீளமுள்ள மீன்தொட்டி ஒன்று இருக்கிறது. கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் வாங்கி வந்த மோலி, பிளாட்டி, கப்பி, கௌராமி என 11 மீன்கள் அதில் ஐந்து மாதங்களாக நன்றாக இருந்தன. தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் கொடுத்திருந்தேன். படிப்பில் பின்தங்கியவன், ஆனால் மீன்களைப் பற்றிக் கேட்டால் நிறுத்தாமல் பேசுவான்.

ஒரு திங்கட்கிழமை அவன் தொட்டியை முழுவதுமாகக் காலி செய்து கழுவினான். கூழாங்கற்கள், கண்ணாடி, வடிகட்டியின் ஸ்பாஞ்ச் என எல்லாம் பளபளத்தன. நானும் அவனை வகுப்பில் பாராட்டினேன். செவ்வாயன்று மீன்கள் இயல்பாக இருந்தன. புதன் பிற்பகலில் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. வெள்ளி காலையில் 9 மீன்கள் இறந்து மிதந்தன. இரண்டு கௌராமிகள் மட்டுமே பிழைத்தன.

"சோப்பு போட்டுக் கழுவியிருக்கான் டீச்சர்" என்றார்கள் மற்ற பிள்ளைகள். நானும் விசாரிக்காமல், "என்னத்தப் போட்டுத் தேய்ச்ச?" என்று எல்லார் முன்னாலும் அதட்டிவிட்டேன். "சோப்பு போடல டீச்சர். நல்ல தண்ணியிலதான் கழுவினேன்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அதற்குப் பிறகு அவன் தொட்டிப் பக்கமே வரவில்லை.

அவன் சொன்னது உண்மை. அதை நான் புரிந்துகொள்ள இரண்டு நாட்களாயின. அந்த இரண்டு நாட்களில் நான் கற்றுக்கொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

நாட்கள் சொன்ன சாட்சி

முதலில் நிகழ்ச்சிகளை நாள்வாரியாகக் கரும்பலகையில் எழுதினேன். சோப்போ குளோரினோ காரணமாக இருந்திருந்தால், பெரும்பாலும் சில மணி நேரத்திலேயே மீன்கள் துடித்திருக்கும். செவ்வாய்க்கிழமை முழுவதும் அவை நன்றாக இருந்தனவே! அப்படியானால் அந்த நஞ்சு திங்களன்று உள்ளே வந்ததல்ல. நாளுக்கு நாள் தொட்டிக்குள்ளேயே சேர்ந்து வந்த ஒன்று.

செங்கல்பட்டில் ஒரு வண்ணமீன் கடையில், நீரில் சொட்டுகள் விட்டு நிறம் பார்க்கும் பரிசோதனைப் பெட்டி வாங்கினேன். தொட்டி நீரில் அம்மோனியா லிட்டருக்கு ஏறத்தாழ 2 மி.கி. காட்டியது. அதே குழாயில் பிடித்து வாளியில் வைத்திருந்த நீரில் அம்மோனியா இல்லை. இரண்டிலும் பி.எச். மதிப்பு 8. எங்கள் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீர் குழாய்முனையில் வெள்ளையாக உப்புப் படியவிடும் கடின நீர் என்பதால் அந்த 8 எனக்கு வியப்பளிக்கவில்லை.

அம்மோனியா எங்கிருந்து வந்தது?

மீன் உண்ணும் புரதத்தின் கழிவு அம்மோனியாவாகவே வெளியேறுகிறது. பெரும்பகுதி சிறுநீரில் அல்ல, செவுள் வழியே செல்கிறது. சுற்றியுள்ள நீரில் அம்மோனியா மிகுந்தால் உடலுக்குள் இருப்பது வெளியேற முடியாமல் இரத்தத்திலேயே தங்கும். செவுள் பாதிக்கப்படும், மீன் மூச்சுத் திணறும். கௌராமிக்குக் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் துணை உறுப்பு உண்டு. அது தாக்குப்பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இதை வகுப்பில் கணக்காகவே போட்டோம். தொட்டியின் அளவு 60 × 30 × 30 செ.மீ. மேலே சிறிது இடம் விட்டால் சுமார் 50 லிட்டர். நூற்றுக்கு 32 பங்கு புரதமுள்ள மீனுணவு 1 கிராம் போட்டால், ஏறத்தாழ 30 மி.கி. நைட்ரஜன் அம்மோனியாவாக நீரில் சேரும். 50 லிட்டரில் அது லிட்டருக்கு 0.6 மி.கி. நாளுக்கு ஒரு கிராம் வீதம் மூன்று நாட்களில் 1.8 மி.கி. பரிசோதனையில் வந்த அளவும் அதை ஒட்டியே இருந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அந்த அம்மோனியா முழுவதும் நஞ்சல்ல. நீரில் அது அம்மோனியம் அயனி, தனி அம்மோனியா என இரு வடிவில் இருக்கும். தனி அம்மோனியாதான் கொடியது. நம் ஊரின் 28 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 என்றால் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே அது இருக்கும். பி.எச். 8 ஆனால் 6 பங்கைத் தாண்டிவிடும். பி.எச். ஒரு படி ஏறினால் நஞ்சு ஏறக்குறைய பத்து மடங்காகிறது. எங்கள் தொட்டியில் தனி அம்மோனியா லிட்டருக்கு 0.1 மி.கி.க்கு மேல் போயிருக்கிறது. 0.05 மி.கி. அளவே தொடர்ந்து இருந்தால் மீனின் செவுளைப் பாதிக்கும்.

ஐந்து மாதம் காத்தவர்கள் யார்?

அப்படியானால் அதற்கு முன் ஐந்து மாதங்கள் மீன்கள் எப்படிப் பிழைத்தன? அதே உணவு, அதே தண்ணீர்தானே? இந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு மாணவிதான். விடை ஒன்பதாம் வகுப்பு நைட்ரஜன் சுழற்சிப் பாடத்தில் இருக்கிறது. ஒரு வகைப் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். வேறொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சு. அது இரத்தம் ஆக்சிஜன் சுமப்பதைத் தடுக்கும், செவுள் பழுப்பாகும். நைட்ரேட்டின் தீங்கு அவற்றைவிட மிகக் குறைவு. இந்தப் பாக்டீரியாக்களை 1890-ஆம் ஆண்டையொட்டிப் பிரித்தெடுத்து ஆராய்ந்தவர் ரஷ்ய நுண்ணுயிரியலாளர் செர்கெய் வினோகிராட்ஸ்கி.

பாடமாக நடத்தும்போது இவை மண்ணில் இருப்பதாக மட்டுமே நான் சொல்லி வந்தேன். எங்கள் தொட்டியில் அவை கூழாங்கற்களின் மேலும், வடிகட்டியின் ஸ்பாஞ்சிலும் வழுவழுப்பான படலமாக ஒட்டியிருந்தன. தண்ணீரில் மிதப்பவை மிகச் சிலவே. அந்த வழுவழுப்பை நாங்கள் அழுக்கு என்று நினைத்தோம். மாணவன் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிடித்துப் பிழிந்து கழுவியபோது பாக்டீரியாக்களில் பெரும்பகுதி அடித்துச் செல்லப்பட்டது. குழாய் நீரில் கிருமி நீக்கப் போட்டிருந்த குளோரின் மீதியையும் கொன்றிருக்கும். குடிநீரில் இருக்க வேண்டிய குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மி.கி. அந்த அளவே இவற்றுக்கும் மீனுக்கும் கெடுதல்.

தொட்டியில் நிரப்பும் நீரை ஒரு நாள் வாளியில் திறந்து வைக்க வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அதை அவன் தவறாமல் செய்தான். ஸ்பாஞ்சை எந்த நீரில் கழுவ வேண்டும் என்று நான் சொல்லவில்லை, எனக்கே தெரியாது. பாக்டீரியாக்கள் மீண்டும் பெருகிச் சமநிலைக்கு வர நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். புதிதாகத் தொட்டி வாங்கிய வீடுகளில் முதல் வாரத்திலேயே மீன்கள் இறப்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். அங்கே பாக்டீரியாக்கள் இன்னும் குடியேறியே இருக்காது.

வகுப்பறைத் தொட்டிக்கு

1. ஒரே நாளில் எல்லாவற்றையும் கழுவக் கூடாது. வாரம் ஒரு முறை நான்கில் ஒரு பங்கு நீரை மட்டும் மாற்றுங்கள். எங்கள் தொட்டிக்கு அது ஒரு வாளி, சுமார் 12 லிட்டர்.

2. வெளியே எடுத்த அந்தப் பழைய தொட்டி நீரிலேயே ஸ்பாஞ்சை இரண்டு முறை பிழிந்து மீண்டும் மாட்டுங்கள். மீதமுள்ள நீரைச் செடிக்கு ஊற்றலாம், நைட்ரேட் அதற்கு உரம்.

3. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே உணவு. ஒவ்வொரு வகுப்பும் ஒரு சிட்டிகை போட்டால் அது உணவல்ல, அம்மோனியா. பொறுப்பு ஒருவரிடமே இருக்கட்டும்.

4. புதுத் தொட்டியில் இரண்டு மூன்று மீன்களோடு தொடங்குங்கள். நன்றாக ஓடும் தொட்டியிலிருந்து சிறிது கூழாங்கல் வாங்கிப் போட்டால் பாக்டீரியா விரைவில் பெருகும்.

5. மீன் மேலே வந்து வாய் திறந்தால், காத்திருக்காமல் குளோரின் நீங்கிய நீரால் பாதி நீரை மாற்றுங்கள். உணவை நிறுத்துங்கள். காற்று மோட்டாரை ஓட விடுங்கள். வெப்பமான நீரில் ஆக்சிஜன் குறைவு. 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மி.கி. கரையும் என்றால், 30 டிகிரியில் 7.5 மி.கி. அளவே கரையும்.

6. அம்மோனியாவைக் கண்டறிய ஆய்வகத்தில் உள்ள நெஸ்லர் கரைசலைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். அதில் பாதரசம் இருக்கிறது.

7. வேண்டாத மீனை ஏரியில் விடாதீர்கள். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று விற்கப்படும் சக்கர் மீன் அப்படித்தான் நம் நீர்நிலைகளில் பரவியது.

தொட்டிக்கு வெளியே

எங்கள் பிள்ளைகள் பலர் செங்கல்பட்டுக்கு ரயிலில் போகிறவர்கள். பரனூரைத் தாண்டியதும் கொளவாய் ஏரி தெரியும். "அந்த ஏரிக்கு ஃபில்டர் எங்க டீச்சர் இருக்கு?" என்று ஒருவன் கேட்டான். ஏரியின் சேறும் செடிகளின் வேரும் கரைக்கற்களும்தான் அதற்கு ஸ்பாஞ்ச். சாக்கடை அளவுக்கு மீறிக் கலந்தால் அவற்றாலும் ஈடுகொடுக்க முடியாது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே மரக்காணம் வரையிலான கடற்கரையில் உள்ள இறால் குஞ்சு பொரிப்பகங்களும் கவனித்து அளப்பது இதே அம்மோனியாவைத்தான். ஒரு தொட்டியைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு இவையெல்லாம் பாடமாக இல்லாமல் தெரிந்த விஷயமாகவே இருக்கும்.

திங்கட்கிழமை காலை, முடிவுகளைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அந்த மாணவனை முன்னால் அழைத்தேன். "தப்பு உன்மேல இல்லப்பா. சொல்லிக் கொடுக்காதது நான். விசாரிக்காம திட்டினதும் நான்தான்" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். திட்டியது எல்லார் முன்னால் என்றால், திருத்துவதும் எல்லார் முன்னால்தானே இருக்க வேண்டும். அவன் ஒன்றும் சொல்லவில்லை. மதிய உணவு இடைவேளையில் போய்ப் பார்த்தபோது தொட்டி அருகே நின்று இரண்டு கௌராமிகளையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது தொட்டிப் பக்கத்தில் ஒரு நோட்டு தொங்குகிறது. தேதி, அம்மோனியா, பி.எச்., மாற்றிய நீரின் அளவு என்று அவன் கையெழுத்தில் பதிவுகள் இருக்கின்றன. ஐந்தாவது வாரத்தில் அம்மோனியாப் பத்தியில் முதல் முறையாக 0 என்று எழுதி, அதைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறான். அதற்குப் பிறகே கொளத்தூர் போய் மூன்று மோலி வாங்கி வந்தோம்.